தண்ணியை மட்டும் எடுத்துடு

"ஸ்டெல்லா, அந்தப் பொண்ணு போட்ட படத்துல தண்ணியை மட்டும் எடுத்துடு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றார் எங்கள் சௌந்தர் சார். நானும் "சரி சார்" என்றேன். வெளியே அவ்வளவுதான். உள்ளுக்குள் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு பில்டர் ஆபீஸில் வியூ போடுகிறவள் நான். இன்னும் கட்டாத கட்டடம் கட்டி முடித்தபின் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் வரைகிற படத்துக்குத்தான் வியூ என்று பேர். இன்ஜினியர் பிளான் கொடுப்பார். நான் அதற்குச் சுவர் எழுப்பி, பெயின்ட் அடித்து, மேலே வானம் ஒட்டி, கீழே ஆட்களை விடுவேன். அது புரோஷர் அட்டையில் வரும், ஜி.எஸ்.டி. ரோட்டில் பேனராக நிற்கும். இருபது வருஷத்துக்கு மேலாக எங்கள் ஆபீஸ் புரோஷர் எதை எடுத்தாலும் அட்டையில் இருப்பது என் படம். எனக்கு அதில் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

என் வானம்

என்னிடம் 'வானம்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. உள்ளே எல்லாம் நீலம். மேகம் இருந்தாலும் சும்மா அழகுக்கு இருக்கும். இன்னொரு ஃபோல்டரில் ஆட்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சார் வாங்கிக் கொடுத்த சிடியில் வந்தவர்கள். வெள்ளை பேன்ட் போட்ட ஒரு வெள்ளைக்காரி, பலூன் பிடித்த ஒரு பிள்ளை, நாயைக் கூட்டிக்கொண்டு வாக்கிங் போகிற ஒரு தாத்தா. அந்தத் தாத்தா சேலையூரில் நடந்திருக்கிறார், ஊரப்பாக்கத்தில் நடந்திருக்கிறார், வண்டலூரில் நடந்திருக்கிறார். நாய்க்கு இன்னும் வயசாகவில்லை.

என் படத்தில் ஒருநாளும் மழை பெய்தது கிடையாது. யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் இந்தத் தொழிலில் எவனும் மழையை வரைய மாட்டான். கார்த்திகை மாசம் வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டும். ஆபீஸ் வாசலில் செருப்பு மிதக்கும். நான் உள்ளே உட்கார்ந்து நீல வானம் ஒட்டிக்கொண்டிருப்பேன். சாயந்திரம் மாடம்பாக்கத்தில் என் வீட்டுக்குப் போனால், பாத்ரூம் குழி வழியாகத் தண்ணீர் திரும்பி உள்ளே வந்திருக்கும். கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து ஏறி உட்கார்ந்துகொள்வேன். மறுநாள் காலையில் வந்து மறுபடியும் நீலம்.

நிவேதா வந்தாள்

பொத்தேரியில் ஆர்க்கிடெக்சர் படித்துவிட்டு நேரே எங்கள் ஆபீஸுக்கு வந்தவள் நிவேதா. எனக்குப் பக்கத்து டேபிள். முதல் நாளே என் ஆட்கள் ஃபோல்டரைத் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, இவங்கள்லாம் யாரு?" என்றாள்.

"கஸ்டமர்."

"நம்ம ஊர்க்காரங்க ஒருத்தர்கூட இல்லையே அக்கா."

மரியாதையாகத்தான் கேட்டாள். அதுதான் எரிச்சல். திமிராகக் கேட்டிருந்தால் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து போடுகிற படத்தை அவள் மத்தியானத்துக்குள் முடித்துவிடுவாள். சரி, சின்ன வயசு, கை ஓடும் என்று அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது வேறு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இவளும் இவள் கூடப் படித்த பிள்ளைகளும் பொத்தேரியில் ஒரு மாடியில் கூடி உட்கார்ந்து, இருபத்தைந்து வருஷம் கழித்து நம்ம ஏரியா எப்படி இருக்கணும் என்று வரைவார்களாம். போனில் காட்டினாள். பஸ் ஸ்டாப்புக்கு மேலே மரம், பக்கத்தில் குடிக்கத் தண்ணீர். மத்தியானம் வெயில் ஏறினதும் கடைகள் எல்லாம் மூடி, சாயந்திரம் திறந்து, ராத்திரி வரைக்கும் தெருவில் ஜனம். ஏரி ஏரியாகவே இருக்கிறது.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்றேன்.

"தெரியல அக்கா. வெயிலும் மழையும் கூடிக்கிட்டேதான் போகும், அது எல்லாருக்கும் தெரியும். அதுக்குள்ள எப்படி இருந்தா நமக்குப் பிடிக்கும்னு யோசிச்சு வெச்சாத்தானே, இது வேணும்னு கேக்க முடியும்?"

எனக்கு அந்த வயசில் யாரும் உட்கார்ந்து ஆசைப்படச் சொல்லவில்லை. பிளானைக் கையில் கொடுத்து பெயின்ட் அடிக்கத்தான் சொன்னார்கள். இவளுக்கு மட்டும் ஆசைப்படுவதற்கென்று வாரத்தில் ஒரு நாள் இருக்கிறது. அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு வயித்தெரிச்சல். இதற்கு வேறு கௌரவமான பேர் எதுவும் நான் தேடப் போவதில்லை.

முடிச்சூர் வேலை

அப்போதுதான் முடிச்சூர் பக்கம் ஒரு அபார்ட்மென்ட் புராஜெக்ட் வந்தது. ஃபிளாட் நகரவே இல்லை. "முடிச்சூர்னு சொன்னாலே தண்ணி வருமான்னு கேக்கறாங்க. பார்த்ததும் மனசு குளுகுளுன்னு ஆகற மாதிரி புது வியூ போடு ஸ்டெல்லா" என்றார் சார். நான் போட்டேன். பச்சைப் புல்வெளி, நெட்டையாக நாலு அலங்காரப் பனை, என் நீலம், என் தாத்தா, என் நாய்.

நிவேதா யாரும் கேட்காமலே சாப்பாட்டு நேரத்தில் ஒன்று போட்டிருந்தாள். அதே கட்டடம், அடைமழை. கீழே வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும் இருக்கும் ஸ்டில்ட் தளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். வண்டிகள் எல்லாம் ஒரு சாய்வுப் பாதையில் ஏறி மேடையில் நிற்கின்றன. படியில் பிள்ளைகள் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டு ஆட்டுகிறார்கள். ஒருத்தர் கைலியை முட்டிக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பால் பாக்கெட்டோடு வருகிறார். அகலமான சன்ஷேடுக்குக் கீழே துணி நனையாமல் காய்கிறது. பின்பக்கம் ஒரு குளம். தண்ணீர் அதைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறது. படத்தில் ஒருத்தர் முகத்திலும் பயம் இல்லை.

சார் பார்த்தார். "என்னம்மா இது, விக்கறதுக்கு வரையச் சொன்னா வெள்ளத்தை வரைஞ்சு வெச்சிருக்க?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் முகம் வாடிவிட்டது. நான் என் டிபன் டப்பாவிலிருந்து அவளுக்கு மீன் வறுவல் எடுத்து வைத்தேன். அவ்வளவு நல்ல மனசு வந்துவிட்டது எனக்கு.

விரல்

அந்த வாரமே ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். அவருக்கு மறைமலை நகரில் கம்பெனி வேலை. முடிச்சூரிலேயே வாடகைக்கு இருப்பவர்கள். அந்த அம்மா பேர் செல்வி. என் வியூவை விரித்துக் காட்டினேன். "சூப்பரா கீதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் சதுர அடி விலைக்குப் போய்விட்டார். செல்வி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். திரும்பிப் போகும்போது நிவேதாவின் மானிட்டரைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இது எந்த பில்டிங்மா?"

"இதேதான் அக்கா. மழை பெய்யும்போது."

செல்வி கிட்டே போய் ஸ்கிரீனில் விரலை வைத்தார். "எங்க வண்டி இங்க நிக்குமா?"

"அந்தச் சாய்வுல ஏத்தி மேல வுட்டுடலாம் அக்கா."

"மீட்டர் போர்டு?"

"முதல் மாடியில வெச்சு வரைஞ்சிருக்கேன் அக்கா."

"இந்தப் பசங்க ஸ்கூலுக்குப் போவலியா?"

"லீவு வுட்டுட்டாங்க" என்றாள் நிவேதா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"இன்னா, வூடு பாக்க வந்தியா, படம் பாக்க வந்தியா?" என்றார் புருஷன்.

"இரு. வெள்ளம் வந்த அன்னிக்கு இடுப்பளவு தண்ணியில ஃபிரிட்ஜைத் தூக்கினு நின்னது நீயும் நானும்தான? மழை வரும்னு தெரிஞ்சு ஒருத்தங்க வூடு வரைஞ்சிருக்காங்க, பாக்க வுடு."

இத்தனை வருஷத்தில் என் படத்தில் யாரும் விரல் வைத்தது இல்லை. சூப்பர் என்பார்கள், விலை கேட்பார்கள். என் வண்டி எங்கே நிற்கும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

லேயர்

இதையெல்லாம் கண்ணாடிக் கேபினிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சார், அட்டைக்கு நிவேதா படத்தையே போடலாம் என்றார். ஆனால் தண்ணீர் இருக்கக் கூடாதாம். "அப்படின்னா என் படம் வேணாம் சார்" என்றாள் அவள். அதனால்தான் அந்த ஃபைல் என்னிடம் வந்தது.

கம்ப்யூட்டர் படம் அடுக்கடுக்காக இருக்கும். மழை ஒரு லேயர், தண்ணீர் ஒரு லேயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிக். இரண்டையும் அணைத்தேன்.

படத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பைத்தியம் ஆகிவிட்டார்கள். பிள்ளைகள் வெறும் சிமென்டில் காலை ஆட்டிச் சிரிக்கிறார்கள். காய்ந்த தரையில் அந்த ஆள் கைலியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். வண்டிகள் என்னத்துக்கோ மேடை ஏறி நிற்கின்றன. எனக்குச் சிரிப்பு வந்தது. கீழே புல்வெளி ஒட்டிப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. மறுபடி தண்ணீரைப் போட்டேன். எல்லாருக்கும் புத்தி வந்துவிட்டது.

கிட்டே கொண்டுவந்து ஒவ்வொரு ஆளாகப் பார்த்தேன். ஏதாவது குறை கிடைக்காதா என்றுதான். கிடைத்தது. எல்லாம் பிள்ளைகள், இல்லாவிட்டால் முப்பதைத் தாண்டாதவர்கள். என் வயசில் ஒருத்தி இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"நிவேதா, இங்க வா. இதுல நான் எங்க?"

அவள் திகைத்துப் போனாள். "விட்டுப்போச்சு அக்கா. தோணவே இல்ல."

"தோணாது. நாளைக்குன்னா அதுல நீங்க மட்டும்தான் இருப்பீங்க. நாங்கள்லாம் எங்கயாவது போய்ச் சாகணும்."

அவள் குனிந்து படத்தைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "உங்க படத்துலயும் நான் இல்லையே அக்கா" என்றாள்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சொல்லுங்க. இந்த மழையில நீங்க எங்க இருக்கணும்?"

ஊருக்கெல்லாம் நாளைக்குப் படம் போட்டுக் கொடுத்தவள் நான். எனக்கு என்ன வேணும் என்று கேட்டால் நீலம்தான் ஞாபகம் வந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதல் மாடி. மூலை வீடு, அதை யாருக்கும் விட்டுத் தர மாட்டேன். மழை தெரிகிற ஜன்னல். பாத்ரூமில் தண்ணீர் திரும்பி வரக் கூடாது. முட்டி வலிக்கிறது, மாடிப்படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வேணும். சொல்லச் சொல்ல அவள் வரைந்தாள். படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி போட்ட ஒரு குண்டு பொம்பளை வந்து நின்றாள். கொஞ்சம் குண்டைக் குறைக்கச் சொன்னேன்.

அப்புறம் என் படத்தையும் அவள் படத்தையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு கேபினுக்குப் போனேன். "தண்ணி இல்லாம இந்தப் படம் நிக்காது சார். அவ படத்தைப் போட்டா முழுசா போடுங்க. படத்துல இருக்கறதைக் கட்டணும், சும்மா காட்டிட்டு விட்டா செல்வி நம்மளை சும்மா விட மாட்டாங்க. இல்லன்னா என்னோடதைப் போடுங்க."

எனக்கு நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். இப்படிச் சொன்னால் பயந்துபோய் என்னுடையதைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். சார் இரண்டையும் மாற்றி மாற்றி ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் இன்ஜினியருக்குப் போன் போட்டு, "மீட்டர் போர்டை மேல தூக்க முடியுமா, பாரு. ஒரு சாய்வு வேணும். மாடிப்படிக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி" என்றார். அட்டை என் கையை விட்டுப் போய்விட்டது.

போன மழையில்

வரைந்தது அத்தனையும் கட்டிவிடவில்லை. குளம் பாதியாகச் சுருங்கிவிட்டது. துணி காயப்போட சன்ஷேடும் அவ்வளவு அகலம் வரவில்லை. ஆனால் சாய்வு வந்தது, மீட்டர் போர்டு மேலே போனது. போன மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஸ்டில்ட்டில் தண்ணீர். செல்வியின் வண்டி மேடையில் நின்றது. படியில் இரண்டு பிள்ளைகள் காலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்கள், யாரோ வரைந்து வைத்தது தெரியாமல்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். நாளைக்கு எப்படி இருக்கணும் என்று வரைய உட்கார்ந்தால் வானத்தை முதலில் ஒட்டாதீர்கள். ஆசைப்படுங்கள், நன்றாக ஆசைப்படுங்கள். ஆனால் பக்கத்து டேபிளில் உங்களைப் பார்த்து எரிந்துகொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவளைக் கூப்பிட்டு, நீ எங்கே இருப்பாய் என்று கேளுங்கள். அவளுக்கு முட்டி வலிப்பது உங்களுக்குத் தெரியாது.

அந்த அட்டையில் இருப்பது அவள் படம். இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்கு எரிகிறது. மழையில் பார்க்கப் போன அன்றைக்கு நான் அந்தக் கட்டடத்தில் முதல் மாடி வரை ஏறிப் போனேன், இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு. மூலை வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள்.