செத்த சேவலை முகர்ந்த கதை

முதலில் குளிர் வந்தது. ஆம்பூர் வெயிலில் எனக்குக் குளிருகிறதென்றால் நோய்தான். பிறகு காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சில் ஓர் இழுப்பு.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கூலிக்கு ஈரத்தோல் சுமந்து, இன்று சொந்தத் தோல் மண்டி வைத்திருக்கிறேன். ஒரு மோப்பத்தில் எந்தத் தோல் அழுகும், எது தேறும் என்று சொல்லிவிடுவேன். படித்த முதலாளிகளே என் மூக்கை நம்பித்தான் விலை பேசுவார்கள்.

அந்த மூக்குதான் வினை. முந்தின வாரம் வீட்டுக் கோழிகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. கொண்டை நீலம் பாரித்துக் கிடந்த சேவலை வெறுங்கையால் தூக்கி, இறகை விலக்கி, மூக்கை வைத்து ஆழ இழுத்தேன். அழுகல் இல்லை, வெயில் தாக்கியிருக்கிறது என்று தீர்ப்பும் சொன்னேன். தோலுக்குத் தடவுவதுபோல உப்புத் தடவிப் புதைத்தேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னதும் டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"மோந்து பாத்தீங்களா?"

"இந்த மூக்குக்கு ஊர்ல இன்னா மதிப்பு தெரியுமாம்மா?"

"ஐயா, பறவைக் காய்ச்சலா இருந்தா, கிருமி உள்ள போற வழியே அதான்."

தனி வார்டில் (தொற்றுச் சந்தேகம் உள்ளவரைப் பிரித்து வைக்கும் இடம்) சேர்த்தார்கள். ஸ்வாப் (மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுக்கும் மாதிரி) எடுத்தார்கள். முடிவு வருமுன்பே வைரஸுக்கு எதிரான மாத்திரை தொடங்கினார்கள்.

நோயுற்ற பறவையையும் அதன் எச்சத்தையும் தொடுவதுதான் ஆபத்து, நன்றாக வெந்த கறியிலும் முட்டையிலும் பயமில்லை, மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது அரிது என்றார் டாக்டரம்மா. அந்த 'அரிது' எனக்குப் போதவில்லை. என் மனைவி சரோஜாவுக்கு ஆஸ்துமா. காய்ச்சலில் என் நெற்றிக்கு ஈரத்துணி போட்டவள் அவள்.

கண்ணாடிக்கு வெளியே மாஸ்க்கோடு நின்று போனில் பேசினாள்.

"உனக்கு இழுக்குதா?"

"நீங்க பேசுறதுதான் பேஜாரு. செத்த கோழிய மோந்த மனுசன் ஜில்லாவுலயே நீங்க ஒருத்தர்தான்."

"அதுலயும் நான்தான் ஃபர்ஸ்ட்டு."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியதும் போனைக் காதோடு அழுத்தி, இழுப்புக் கேட்கிறதா என்று கவனித்தேன்.

எனக்கு வந்தது சாதாரண ஃப்ளூ என்று ஸ்வாப் முடிவு சொன்னது. அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் மிச்சமிருந்த கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல்தான் என்று கால்நடை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் தப்பியது கெட்டிக்காரத்தனத்தால் அல்ல. கோழிகள் செத்தால் தொடாமல் கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் கோழிக் கதையை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

இப்போது மத்தியானம் சரோஜா கண்ணயரும்போது மண்டிக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வர இவ்வளவு நேரமாகும் என்று இத்தனை வயதில் இப்போதுதான் தெரிகிறது. எனக்கும் அப்படித்தானே போய் வருகிறது!

"இன்னா பாக்குறீங்க? உயிரோடதான் கீறேன். மண்டிக்குப் போங்க" என்கிறாள் கண்ணைத் திறக்காமலே.

இன்னும் ஒரு மூச்சு வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.