ஏகாம்பரம் அண்ணாவுக்கு நான் சொன்ன ரிசல்ட்

ஏகாம்பரம் அண்ணா இறந்துவிட்டார். காலையில் அவர் மகள் செல்வி போன் செய்து சொன்னாள்.

அவர் போனில் என் பெயர் "டெஸ்டிங் சார்" என்று இருந்ததாம். அப்பா போனில் இருக்கிற எல்லாருக்கும் ஒவ்வொருத்தராகச் சொல்லிக்கொண்டு வருகிறாளாம். "ஐயோ" என்றேன். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. பெருங்களத்தூர் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு சின்ன ஃபேக்டரி. ரேர் எர்த் என்று இப்போது நியூஸில் அடிக்கடி சொல்கிறார்களே, அந்தத் தாதுவைச் சுட்டு, அரைத்து, சலித்து, கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் பாலிஷ் போடுகிற பவுடராக்கி அனுப்புவார்கள்.

அண்ணாவுக்குச் சலிக்கிற ரூமில் வேலை. செங்கல் நிறத்தில் மாவு மாதிரி தூசி. அவர் புருவத்தில் எப்போதும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

நான் அப்போது குரோம்பேட்டையில் ஒரு டெஸ்டிங் லேபில் இருந்தேன். அந்த ஃபேக்டரிக்குப் போய், ஆட்கள் சுவாசிக்கிற காற்றில் எவ்வளவு தூசி என்று அளப்பது என் வேலை. ஒரு தொழிலாளியின் இடுப்பில் ஒரு குட்டி பம்ப், காலரில் ஒரு வெள்ளை ஃபில்டர். சாயங்காலம் கழற்றி எடுத்துப்போய் எடை போட வேண்டும்.

நாங்கள் வருகிற தேதி கம்பெனிக்கு முன்பே தெரியும். அன்றைக்குத் தரை கழுவியிருக்கும். பாதி மெஷின் ஓடாது. பம்ப் மாட்டிய ஆளைத் தூசி இல்லாத பேக்கிங் பக்கம் உட்கார வைத்துவிடுவார்கள். எங்களுக்கும் தெரியும்... டீ, பிஸ்கட் வரும், சாப்பிட்டுவிட்டு கண்டும் காணாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புவோம்.

"இன்னிக்கி நான்தான் மாப்ள சார். ஒரு வேலயும் இல்ல, சும்மா உக்கார வச்சிகிறானுங்க" என்று அண்ணா சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

ஒருமுறை என்னை ஃபேக்டரிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். மதிலோரம் கழிவு மூட்டைகள், கீழே கால்வாய். "மழ பெஞ்சா இந்தத் தண்ணி கலரே மாறிடுது சார். ஒரு பாட்டில்ல புடிச்சுகினு போய்ப் பாரேன்."

எங்களுக்கு வந்த ஆர்டரில் தண்ணீர் இல்லை அண்ணா, காற்று மட்டும்தான் என்றேன். ரொம்பப் பொறுப்பான ஆபீசர் மாதிரி சொன்னேன்.

அப்புறம் அந்த நாள்.

பம்ப் மாட்டிக்கொண்டு பேக்கிங்கில் உட்கார்ந்திருந்தவரை நடுவில் கூப்பிட்டுவிட்டார்கள். சலிக்கிற மெஷின் அடைத்துக்கொண்டதாம். அதைச் சரி செய்ய அவரை விட்டால் ஆள் கிடையாது.

மதியச் சாப்பாடு வரைக்கும் உள்ளேயே இருந்துவிட்டு வந்தார். "பம்ப கழட்டாமதான் போனேன் சார். இப்பதான் டெஸ்ட்டு கரீட்டா இருக்கும்." சந்தோஷமாகச் சொன்னார்.

ஃபில்டர் செங்கல் நிறமாகியிருந்தது. எடை போட்டேன். லிமிட்டை எங்கேயோ தாண்டியிருந்தது.

லேப் மேனேஜரிடம் காட்டினேன். "பம்ப் ஃபால்ட்னு எழுதிடுப்பா. அடுத்த வாரம் போய் வேற எடு" என்றார். மேனேஜர் சொன்னார், மேனேஜர் சொன்னார் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதியது என் கை. ஃபில்டரைக் குப்பையில் போட்டதும் நான்தான். அடுத்த வாரம் பேக்கிங்கில் வேறு ஒருவருக்கு பம்ப் மாட்டி, நல்ல வெள்ளையாக ஒன்று கொண்டுவந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் டீக்கடையில் பார்த்தேன். "ரிசல்ட்டு இன்னா சார் ஆச்சி?"

நார்மல்ணா என்றேன். வாய் கூசாமல்.

"அப்பாடா. கேளம்பாக்கத்துல என் மச்சான் ஒரு அப்பார்ட்மெண்ட்ல செக்யூரிட்டி வேல கீது, வாடான்றான். இந்தத் தூசி ஒத்துக்கலன்னா போய்டலாம்னு இருந்தேன். நீயே நார்மல்ன்ற. அப்பறம் இன்னாத்துக்கு வேற வேல?"

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். டீ ஆறுகிறது என்றேன்.

போன வருஷம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் பாதி வழியில் உட்கார்ந்திருந்தார். பாதி உடம்புதான் இருந்தது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினார்.

"நுரையீரல் இறுகிப் போச்சின்றாங்க சார். தூசில வேலயான்னு டாக்டரு கேட்டாரு. ஆமா சார், ஆனா டெஸ்ட்டு எடுத்துப் பாத்தாச்சி, நார்மல்னு சொன்னேன்."

நான் லேபை விட்டு வந்து அப்போது ரொம்ப நாள் ஆகியிருந்தது. பயப்பட ஒன்றுமே இல்லை. ஆனாலும் "நல்லா ரெஸ்ட் எடுங்கண்ணா" என்றுதான் சொன்னேன். பீச் போகிற ரயில் வந்தது, ஓடிப்போய் ஏறிவிட்டேன். பத்து நிமிஷத்தில் அடுத்த வண்டி இருந்தது.

இன்று செல்வி போனை வைப்பதற்கு முன் சொன்னாள்: "வேற வேலைக்குப் போங்கன்னு அம்மா எவ்ளோ சண்ட போட்டாங்க தெரியுமா சார்? டெஸ்டிங் சாரே நார்மல்னு சொல்லிட்டாரு, நீ சும்மா இருன்னுடுவாரு. உங்க மேல அவ்ளோ நம்பிக்க சார் அப்பாவுக்கு."

அவள் என்னைப் பெருமையாகத்தான் சொன்னாள். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். அஸ்தினாபுரத்திலிருந்து கிளம்பி வந்துவிட்டேன். அவர் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன். பறைச் சத்தம் இங்கே கேட்கிறது.

உள்ளே போய் முதலில் செல்வியிடம் சொல்ல வேண்டும். எழுதிப் போஸ்ட் செய்துவிட்டால் திரும்பி ஓட முடியாது என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

ஏகாம்பரம் அண்ணா... உங்க ரிசல்ட் நார்மல் இல்லண்ணா.

போய்ட்டு வாங்க.