லைன் கிளியர்

அந்த அக்கா மின்நிலையத்தின் கண்ட்ரோல் ரூமுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. லைன்மேன்களில் பாதிப்பேர் அவளைவிட வயதில் மூத்தவர்கள். ஆனாலும் எல்லோருக்கும் அவள் அக்காதான். யார் கம்பத்தில் ஏறுவதானாலும் முதலில் அவளுக்குத்தான் போன் வரும். அவள் அந்தப் பக்கத்து மின்சாரத்தை நிறுத்துவாள், சுவிட்சின் கைப்பிடியில் சிவப்பு அட்டையை மாட்டுவாள், "லைன் கிளியர்" என்பாள். கரண்ட் இல்லை, ஏறலாம் என்று அர்த்தம். வேலை முடிந்து இறங்கியதும் அவர்கள் போன் போட்டு "லைன் கிளியர்" என்பார்கள். மேலே ஆள் இல்லை, கரண்ட் விடலாம் என்று அர்த்தம்.

யார் வாயிலிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் அந்த வார்த்தைக்கு அர்த்தம். அதுவரை அதனால் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

பிறகு போனை எடுத்துவிட்டு ஆளுக்கொரு வாக்கிடாக்கி கொடுத்தார்கள். ஒருவர் வாயைத் திறந்தால் லைன்மேன்களின் மூன்று குழுக்களுக்கும் கேட்கும். யார் யாரிடம் சொல்கிறார் என்பதுதான் தெரியாது. இரண்டாம் நாளே அக்கா ஒரு வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதி எடுத்துக்கொண்டு எஞ்சினியரிடம் போனாள்.

"சார், இந்தக் கிளியரே வேண்டாம். 'கரண்ட் இல்ல'ன்னு நான் சொல்றேன். 'எல்லாரும் எறங்கிட்டோம்'னு அவங்க சொல்லட்டும்."

எஞ்சினியர் அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். தாளை வாங்கிப் படித்தார். "இத்தனை வருஷமா சொல்ற வார்த்தை மேடம். இப்ப மாத்தினாத்தான் குழப்பம்" என்று சொல்லி, அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். அது அங்கேயே கிடந்தது.

அன்றிலிருந்து அந்த வார்த்தை அவளை வீட்டிலும் விடவில்லை. புருஷன் நெஞ்சு ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து, "எல்லாம் கிளியர்னுட்டாரு டாக்டர்" என்றார்.

"கிளியர்னா? நெஞ்சுல ஒண்ணும் இல்லைங்கிறாரா, இல்ல படம் நல்லாத் தெரியுதுங்கிறாரா?"

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். "உன்கிட்ட ஒரு நல்ல சேதி சொல்ல முடியுதா?" அவள் சிரிக்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு, நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

ஒரு நாள் மத்தியானம் காற்று பிசாசு மாதிரி அடித்தது. ஆலைத்தெரு லைனில் மரக்கிளை சாய்ந்து கிடந்தது. அக்கா கரண்டை நிறுத்தி அட்டையை மாட்டி, லைன் கிளியர் சொன்னாள். வெட்டப் போனது போர்மேனும் மூன்று லைன்மேன்களும். அதில் ஒருவர் ஒட்டடைக்குச்சி போல நெடுநெடுவென்று இருப்பார், அவரை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். குடிநீர் பம்பும் அதே லைனில்தான் ஓடியது. அங்கிருந்து அழைப்பு மேல் அழைப்பாக வர, எஞ்சினியரே கண்ட்ரோல் ரூமுக்கு வந்து நின்றுவிட்டார்.

வாக்கிடாக்கி கரகரத்தது. போர்மேன் குரல். "...லைன் கிளியர்..." மீதியைக் காற்று தின்றுவிட்டது.

"சொல்லிட்டாங்க மேடம். போடுங்க."

அக்கா பேசும் பொத்தானை அழுத்தினாள். "எத்தனை பேர் எறங்கினீங்க? எண்ணிச் சொல்லுங்க."

பதில் இல்லை, இரைச்சல் மட்டும் கேட்டது. மறுபடி கேட்டாள். அதே இரைச்சல்.

"அங்க தண்ணி நின்னு போச்சு. நான் போட்டுக்கறேன்." எஞ்சினியர் கையை நீட்டினார்.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்து கைப்பிடிக்கு முன்னால் நின்றாள். முதுகில் சிவப்பு அட்டை உரசியது. "கை வைக்காதீங்க சார். என்னைத் தள்ளிட்டுப் போடறதா இருந்தா போடுங்க."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். சுவர்க்கடிகாரத்தில் பதினோரு நிமிஷம் போனது. மறுபடி கரகரப்பு. இந்த முறை நெட்டையின் குரல், மூச்சிரைக்க.

"அக்கா, நான் மேலதான் இருக்கேன். கம்பியத் தொடறதுக்கு முன்னாடி ஒரு தடவை, லைன் கிளியர்தானேன்னு போர்மேன் அப்பவே கேட்டாரே, நீங்க பதிலே சொல்லல."

கேள்வியாகத்தான் கேட்டிருக்கிறார். கேள்வியின் வால் மட்டும் காற்றோடு போய்விட்டது.

"கரண்ட் இல்ல. வேலையப் பாருங்க" என்றாள் அக்கா. எஞ்சினியர் வெளியே போனார். வராந்தாக் குழாயைத் திறந்து வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகாவது அந்தத் தாள் கண்ணாடிக்கு அடியிலிருந்து வெளியே வரும் என்று அக்கா நினைத்தாள். வந்தது வேறு தாள். மேலதிகாரி சொல்லியும் பதினோரு நிமிஷம் மின்சாரம் தராததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அடுத்த வாரமே அவளைப் பதிவறைக்கு மாற்றினார்கள். பழைய கோப்புகள், தூசி, ஒற்றை மின்விசிறி. நெட்டை ஒருநாள் எட்டிப்பார்த்து, "நீங்க இல்லாம ஏறவே கால் கூசுதுக்கா" என்றார்.

"எத்தனை பேர் எறங்கினீங்கன்னு எண்ணிக் கேட்டுட்டுக் கரண்ட் விடச் சொல்லுங்க."

"உங்க எடத்துல இருக்கறது புதுப் பையன்கா. ரெண்டாம் தடவை கேட்டா எரிஞ்சு விழறான்."

நாலு மாதம் கழித்து, பட்டப்பகலில், மின்விசிறி ஒரு கணம் துள்ளி நின்றது. எங்கோ லைனில் ஏதோ பட்டால்தான் அப்படி நிற்கும். அக்காவின் கையிலிருந்த கோப்பு நழுவியது. யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே அவள் படியிறங்கி ஓடத் தொடங்கியிருந்தாள்.

வேறொரு தெருவில் வேலை முடித்த வேறொரு குழு வாக்கிடாக்கியில் "கிளியர்" சொல்லியிருந்தது. புதுப் பையன் அதைக் கேட்டு நெட்டையின் லைனுக்குக் கரண்ட் விட்டுவிட்டான். நெட்டை உயிர் பிழைத்தார். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்தது.

ஒரு மாதம் கழித்து எஞ்சினியர் பதிவறைக்கு வந்தார். உட்காரவில்லை. "திரும்ப வந்துடுங்க மேடம்" என்றார். கண் அவர் செருப்பின் மேலேயே இருந்தது.

"வர்றேன். பழைய போனைத் திரும்ப மாட்டுங்க. இனிமே அங்க யாரும் அந்த வார்த்தையச் சொல்லக் கூடாது."

போன் வந்தது. வார்த்தை போயிற்று. பதிவறையில் அவள் விட்டுவந்த நாற்காலியில் இப்போது நெட்டை உட்கார்ந்திருக்கிறார். இடது கையால் எழுதப் பழகிவிட்டார், எழுத்துத்தான் கோழி கிளறினது போல இருக்கும். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அக்கா சாப்பிடப் போவதில்லை. அந்த நாட்களில் நெட்டையும் ஜன்னலைச் சாத்திவிட்டு, கோப்பைத் திறக்காமலே உட்கார்ந்திருப்பார்.