கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டின் முதல் கம்ப்யூட்டரை நான்தான் மாட்டினேன். கடைக்காரர் இல்லை, அண்ணன் இல்லை, நான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கம்ப்யூட்டர் என்று வாயெடுத்தால் போதும், இதைச் சொல்லாமல் பாயசத்தில் கை வைக்கமாட்டேன். தற்பெருமைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்போது நான் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். முத்தியால்பேட்டையில் எங்கள் எதிர் வீடு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். சொல்தா தாத்தாவின் பேரன்கள் பாரீசிலிருந்து லீவுக்கு வந்தபோது ஒரு வீடியோ கேமைக் கொண்டுவந்து, போகும்போது அதை டிவி பக்கத்திலேயே விட்டுப் போனார்கள். காலேஜில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் அதன்பிறகு அந்த வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டான். சாப்பிட மட்டும் இந்தப் பக்கம் வருவான். அப்போதும் இடது கைக் கட்டைவிரல் தட்டின் விளிம்பில் எதையோ அழுத்திக்கொண்டே இருக்கும்.

அந்த வருஷம் அப்பாவுக்கு எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்துக் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு முன்னாலேயே நல்ல போனஸ் வந்தது. வீட்டுக்கு ஒரு சாமான் வாங்கலாம் என்றார். அண்ணன் வீடியோ கேம் என்றான். நான் கம்ப்யூட்டர் என்றேன். எனக்கு அது ஆசை மட்டும் இல்லை. லேபில் மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். கூட இருந்த இரண்டு பேரும் கீபோர்டையும் மவுஸையும் பங்கு போட்டுக்கொள்வார்கள். எனக்கு வேடிக்கை பார்க்கும் வேலை. ப்ராஜெக்ட் முடிக்காமல் டிப்ளமோ கிடைக்காது, வேடிக்கை பார்த்து ப்ராஜெக்ட் முடித்தவர் யாரும் இல்லை.

எதிர் வீட்டுத் தாத்தா முத்தியால்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு பிரான்சு அதிபருக்கே ஓட்டுப் போடுகிறவர். அந்தப் பழக்கம் எங்களுக்கும் தொற்றிக்கொண்டதோ என்னவோ, அப்பா ஓட்டு வைத்தார். அண்ணன் ஓட்டு அவனுக்கு. என் ஓட்டு எனக்கு. அம்மா அண்ணன் பக்கம் சாய்ந்தாள்.

"கடையில வாங்கினு வரோம், டிவில சொருவுறோம், ஓடுது. இவ சொல்றது அப்பிடியா? பத்து டப்பா வாங்கி ஒண்ணா மாட்டணுமாம். ஓடலன்னா?"

நியாயமான கேள்விதான், அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. முழுசாக விற்கிற கம்ப்யூட்டர் வாங்க போனஸ் பாதிக்குக்கூடக் காணாது. பாகம் பாகமாக வாங்கினால்தான், அதுவும் மானிட்டர் பழசாக இருந்தால்தான், கட்டுப்படியாகும்.

"நீயே மாட்டிடுவியாம்மா?" என்று கேட்டார் அப்பா.

"மாட்டிடுவேன்."

லேபில் ஒரே ஒரு முறை மூடியைக் கழற்றிப் பார்த்திருந்தேன். அந்த விவரத்தை நான் சொல்லவில்லை. அப்பா தன் ஓட்டை எனக்குப் போட்டார். இரண்டுக்கு இரண்டு. சம்பாதிக்கிறவர் ஓட்டு இரண்டாகக் கணக்கு என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். அண்ணன் அந்த நிமிஷமே எதிர் வீட்டுக்குக் கேம் ஆடப் போய்விட்டான்.

பூஜைக்கு முதல் நாள் நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில் வாங்கினோம். மாட்டிக் கொடுக்க ஐந்நூறு ரூபாய் தனி என்றார் கடைக்காரர். அந்த ஐந்நூறுக்கு ரேமை இரண்டு மடங்கு பெரிசாகக் கொடுங்கள், நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"பாப்பா மாட்டி எதுனா ஆச்சின்னா நான் திரும்ப எடுக்கமாட்டேன் சார். பாத்துக்குங்க."

"அது மாட்டும்" என்றார் அப்பா. அவ்வளவுதான். டப்பாக்களை டிவிஎஸ்ஸில் முன்னும் பின்னுமாக வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

சாயங்காலத்துக்குள் ப்ராசஸரையும் அதன் விசிறியையும் மதர்போர்டில் பொருத்திவிட்டேன். அதற்குள் அப்பா வந்து ஸ்க்ரூ டிரைவரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பூஜைக்கு வைத்துவிட்டால் மறுநாள் வரை எந்த ஆயுதத்தையும் தொடக் கூடாது. கம்பெனியில் இருபது வருஷமாக அவர் ஓட்டிய மிஷினைத் துடைத்துப் பொட்டு வைப்பது அவர்தான். வேறு யாரையும் தொட விடமாட்டார். வீட்டிலும் அப்படியே செய்தார். தாம்பாளத்தில் வாழை இலை போட்டு, ஸ்பேனர், அரிவாள்மணை, என் ஸ்க்ரூ டிரைவர், அவற்றுக்கு நடுவில் என் கம்ப்யூட்டர் பாகங்கள். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சாம்பிராணிப் புகையில் என் ஹார்ட் டிஸ்க் சாமியாக உட்கார்ந்திருந்ததை ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

விஜயதசமி காலையில் எல்லாவற்றையும் மாட்டினேன். கேபினெட்டில் ஒரு பொட்டு, மானிட்டரில் ஒரு பொட்டு, ரேமின் கறுப்புச் சில்லின் மேல்கூட ஒரு குட்டிப் பொட்டு. சிரித்துக்கொண்டே அதை அப்படியே அழுத்திச் சொருகினேன். அப்பா 'வாங்க முசே' என்று பிரெஞ்சு மரியாதையோடு அழைக்க, சொல்தா தாத்தா வேட்டியும் தொப்பியுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றான். நான் பட்டனை அழுத்தினேன்.

விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து பீப், பீப் என்று நீளமாக ஒரு சத்தம், விடாமல்.

"ஆம்புலன்ஸ் வாங்கினு வந்துட்ட போல" என்றான் அண்ணன்.

கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். போனஸ் இனி அடுத்த வருஷம்தான். அப்பாவைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் நீளமான பீப் வந்தால் ரேமைப் பார் என்பது லேபில் எல்லாருக்கும் தெரியும். ஸ்விட்சை அணைத்து ரேமைக் கழற்றினேன். முன்பக்கம் அந்தக் குட்டிப் பொட்டு. திருப்பினேன். பின்பக்கம், போர்டுக்குள் போய் உட்காரும் தங்கப் பற்கள் மேலேயே, காய்ந்துபோன பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அப்பா ஒரு குறை வைக்காமல் இரண்டு பக்கமும் வைத்திருக்கிறார்.

நான் பொறுமைசாலி இல்லை. உப்பு குறைந்தாலே வீடு அதிரக் கத்துகிறவள். 'யாருப்பா இதுல பொட்டு வெச்சது' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தலையைத் தூக்கினேன். அப்பா தாத்தாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பீப் சத்தத்தில் அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. அந்த நிலையிலும் தாத்தாவிடம், "அது பாத்துக்கும் முசே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ரேமை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன்.

"சரியா உக்காரல. நான்தான் அழுத்தாம விட்டுட்டேன்."

"ஒழுங்கா சொருவக்கூடத் தெரியல, இதுக்கு ரெண்டு ஓட்டு வேற" என்றான் அண்ணன். அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது, கம்ப்யூட்டர் மாட்டியதைவிடக் கஷ்டமான வேலை. மூலைக்குப் போய் எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ட்ராயிங் டப்பாவிலிருந்த வெள்ளை ரப்பரால் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். மஞ்சளும் சிவப்புமாகத் துகள் உதிர்ந்தது. ஊதிவிட்டுத் திரும்ப வந்து மாட்டினேன், இந்த முறை கிளிக் சத்தம் கேட்கும்வரை.

ஒரே ஒரு பீப். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. ரேமின் அளவு எண்ணிக்கொண்டே ஏறி, ஐந்நூறு ரூபாயை மிச்சம் பிடித்து நான் வாங்கிய அந்த இரண்டு மடங்கு வரை போய் நின்றது. "த்ரே பியான்!" என்று பிரெஞ்சில் பாராட்டித் தாத்தா கை தட்டினார். அப்பா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ப்ராஜெக்டை அந்தக் கம்ப்யூட்டரிலேயே முடித்தேன், வகுப்பில் முதலாவதாக. அண்ணன் இரண்டே வாரத்தில் அதில் கார் ஓட்டும் கேம் ஏற்றிக்கொண்டான். எதிர் வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டான். வெற்றிக்கு அதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டியதில்லை. பொட்டு விஷயத்தை யாரிடமும் நான் சொல்லவில்லை.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. அப்பா ஸ்பேனருக்கு வைத்தார், அரிவாள்மணைக்கு வைத்தார், தன் டிவிஎஸ்ஸுக்கு வைத்தார். கம்ப்யூட்டரிடம் வந்ததும் நின்றார். சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"இதுக்கு நீ வைம்மா. எங்க வெக்கலாம், எங்க வெக்கக் கூடாதுன்னு உனக்குத்தான் தெரியும்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மூலையில் உதிர்ந்திருந்த துகள்களை அன்றைக்கே பார்த்திருக்கிறார். ஒரு வருஷமாக அவரும் யாரிடமும் சொல்லவில்லை. யாரையும் தொட விடாத மனிதர் நீட்டிய கிண்ணத்தை வாங்கி, கேபினெட்டின் நெற்றியில், நட்ட நடுவில், ஒரு பொட்டு வைத்தேன்.