திரையில் வந்த பரண்

இன்று மாலை கொடைக்கானலில் உள்ளூர்க் கடைக்காரர்களுக்கு விருது விழா. இறுதிப் பட்டியலில் இருந்த மூன்று கடைகளில் என் மலைப்பூண்டுக் கடையும் ஒன்று.

துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்றார்கள். எனக்குப் பூண்டு கொடுக்கும் மன்னவனூர் செல்வியைக் கூட்டிப் போனேன்.

ஒவ்வொரு கடைக்கும் ஒரு வீடியோ போட்டார்கள். என்னுடையதில், விறகடுப்புக்கு மேலே கரிபிடித்த பரணில் பூண்டு கொத்துக்கொத்தாகத் தொங்கியது. "எங்க வீட்டு அடுப்புப் புகையில காஞ்ச பூண்டு" என்றது என் குரல்.

எங்கள் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு. அந்த வீடியோ, போன மாதம் பூண்டு எடுக்கப் போன இடத்தில் நான் போனில் எடுத்தது.

செல்வி என் பக்கம் சாய்ந்தாள். "அக்கா, அது எங்க வீட்டுப் பரணுதான?"

"ஆமா செல்வி. சும்மா வீடியோவுக்காக..."

"முன்னாடியே சொல்லியிருந்தா ஒட்டடை அடிச்சு வச்சிருப்பேன்லக்கா."

அவள் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

விருது வேறு கடைக்குப் போனது. செல்விதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்கக்கா, அடுத்த வருசம் கெடைக்கும்."

ஆறுதல் சொல்லி மெசேஜ் போடுகிறவர்களே, ஒன்று மட்டும் சொல்லுங்கள். விருது கிடைத்திருந்தால் அதை எந்த வீட்டில் வைத்திருக்க வேண்டும்?