நவம்பர் முப்பத்தொன்றைச் சரி பார்த்தவர்

டிசம்பர் முடிய மூன்று நாள் இருந்தது. புதுக் கலண்டருக்கு ஆணி அடிக்க நான் கதிரையில் ஏறி நின்றபோது தொலைபேசி அடித்தது. அக்குறணையில் கடை வைத்திருக்கும் ஹாஜியார். எங்கள் அச்சகத்தில் வருஷா வருஷம் கலண்டர் அடிப்பிக்கிறவர்.

“சுப்பையா, விசயம் தெரியுமா? உங்கட ராமலிங்கம் மவுத்தாப் போயிட்டார்.”

அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அந்தச் சாவுச் செய்தியைக் கேட்டு அழுதிருப்பீர்கள். நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு வந்தது கோபம். இன்னும் மூன்று நாள் பொறுத்திருக்கக் கூடாதா அந்த மனுஷன்? அவரைப் பழி வாங்க நான் குறித்து வைத்திருந்த நாள் டிசம்பர் முப்பத்தொன்று.

கண்டியில் எங்கள் அச்சகத்தில் ஒரே மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ராமலிங்கம் அண்ணன். இருபத்தேழு வருஷம். நான் எழுத்துக் கோப்பவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் மூன்று மொழியிலும் கண்ணை மூடிக்கொண்டு கோப்பேன். கொழும்பிலிருந்து வந்து என் விரலைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அவர் புரூப் பார்த்துப் பிழை திருத்துபவர். அவர் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் ஒரு தாளும் மிஷினுக்குப் போகாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், தினம் ஒரு தாள் கிழிக்கும் கலண்டரில், நவம்பர் முப்பதுக்குப் பின்னால் முப்பத்தொன்று என்று ஒரு தாள் இருந்துவிட்டது. பதினொரு மாதம் ஊரெல்லாம் சுவரில் தொங்கியும் யாரும் கவனிக்கவில்லை. இன்றைக் கிழிக்கிறவன் எவன் நாளையைப் புரட்டிப் பார்க்கிறான்? முப்பதைக் கிழித்த மறுநாள்தான் வெடித்தது. கண்டி மாநகரமே ஒரு நாள் பின்தங்கிவிட்டது. பல்லேகலவுக்குக் கிரிக்கெட் பார்க்க ஐயாயிரம் பேர் போய் வெறும் புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மடவளையில் ஒரு தையல்காரர் மாப்பிள்ளையின் கோட்டை ஒரு நாள் பிந்திக் கொண்டுபோனார். மாப்பிள்ளை மச்சானின் கோட்டைப் போட்டு நிக்காஹ் முடித்து, சோறும் தின்று முடித்திருந்தார்.

முதலாளி எங்கள் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார். கோத்தது நான்தான்; அதை மறுக்கவில்லை. ஆயிரம் தாள் கோக்கிற கை ஒரு தடவை தவறும். ஆனால் அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா?

“நான் பாத்தப்ப முப்பதோட நின்னுச்சுங்க மொதலாளி. அதுக்குப் பொறகு சுப்பையா என்னமோ சேத்திருக்கான்.”

அவர் சரி பார்த்த புரூப் தாளைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. எனக்கு ‘முப்பத்தொண்ணு’ என்று பேர் விழுந்தது.

அதோடு விட்டாரா? எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. டிசம்பர் முப்பத்தொன்று மாலை மிஷினை நிறுத்திவிட்டு, பால் விடாத பிளேன்டியும் வடையும் வைத்துக்கொண்டு, அந்த வருஷம் செய்த பிழையை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் புதுக் கலண்டர் சுவரில் ஏறும். எல்லோருடைய பிழையும் அந்த வருஷத்தோடு போய்விடும். என்னுடையது மட்டும் போகாது. கடைசியில் அண்ணன் தொண்டையைச் செருமுவார். “நாளு யாருக்கும் நிக்காது. ஆனா நம்ம சுப்பையாவுக்கு ஒரு நாளு கூடுதலா நின்னுச்சு!” தையல்காரராக நடப்பார், மாப்பிள்ளையாகக் கோட்டை இழுப்பார். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வடை புரையேறும். ஓய்வு பெற்ற பிறகும் இதற்கென்றே பஸ் ஏறி வருவார். ஒருமுறை, “போதும் அண்ணே, விடுங்க” என்றேன்.

“சின்னத் தப்புன்னா திருத்திட்டு மறந்துரலாம். நல்ல தப்புன்னா சொல்லிக்கிட்டே இருக்கணும்டா” என்றார்.

என் மகளின் கல்யாணம், ஆயிரத்தைந்நூறு பேர் சாப்பிட்ட கல்யாணம். “ஏன் சம்பந்தி, எல்லாரும் உங்கள முப்பத்தொண்ணுங்கிறாங்க?” என்று மாப்பிள்ளையின் தகப்பன் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் இலையிலிருந்து எழுந்துவிட்டார். பாயசம் ஆறும்வரை சொன்னார். சம்பந்தி இன்றைக்கும் என்னை அந்தப் பேரில்தான் கூப்பிடுகிறார். அன்றைக்கே மனதுக்குள் சபதம் எடுத்தேன்.

போன ஒக்டோபரில் அச்சகத்தின் பழைய அலுமாரியை நகர்த்தியபோது, அதன் பின்னால் விழுந்து கிடந்தது அந்தப் புரூப் தாள். நவம்பர் 31, ஞாயிறு. கீழே சிவப்பு மையில் ‘சரி. அடிக்கலாம்.’ அவருடைய கையெழுத்து. இரண்டு மாதம் என் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. எல்லோர் முன்னாலும் அதை விரித்து வைத்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றிருந்தேன்.

செத்த வீட்டுக்கும் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். என்னைக் கண்டதும் அவர் மனைவி பார்வதி அக்கா, “ஐயோ, எந்திரிச்சுப் பாருங்க, உங்க முப்பத்தொண்ணு வந்திருக்காரு!” என்று கதறினார். அங்கேயும்! பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, “தப்பிச்சிட்டீங்க அண்ணே” என்று மட்டும் சொன்னேன். பார்த்தவர்கள் நான் கும்பிடுகிறேன் என்று நினைத்தார்கள்.

அடுத்த நாள் முப்பத்தொன்று. அவருடைய கதிரையில் யாரும் உட்காரவில்லை. எல்லோரும் தத்தம் பிழையைச் சொல்லி முடித்ததும் நான் எழுந்து தாளை விரித்தேன். நடந்ததை ஒரு எழுத்தும் கூட்டாமல் சொன்னேன். வழக்கம்போல வடைக்கு வந்திருந்த ஹாஜியார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“கையெழுத்து அவர்டதான். அவர் சொன்னது பொய்தான், சுப்பையா.” தாளை மடித்து என் கையில் தந்தார். “ஆனா இதுல சிரிக்க ஒண்டும் இல்லியே.”

“அண்ணே, அந்தத் தையக்காரரு கதையச் சொல்லுங்க” என்றான் மிஷின் ஓட்டும் செல்வம். “அதச் சொல்லாம எப்புடிப் புதுக் கலண்டர மாட்டுறது?”

பழி தீர்த்தவனுக்குக் கிடைத்த மரியாதை இது! வேறு வழியில்லாமல், “நாளு யாருக்கும் நிக்காது” என்று தொடங்கினேன். தையல்காரராக நடந்தேன். கோட்டை இழுத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் ராமலிங்கம் அண்ணனையும் கதைக்குள் இறக்கினேன். சிவப்புப் பேனாவோடு நிக்காஹ் வீட்டுக்குள் ஓடுகிறார். மாப்பிள்ளையின் முதுகில், மச்சானின் கோட்டு மேலேயே, ‘சரி. முடிக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். செல்வம் பிளேன்டியைத் துப்பினான். ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இவ்வளவுதான்: சட்டம் போட்டு என் வீட்டுச் சுவரில் மாட்டிய அந்தத் தாள், அவர் வைத்த பேர், அவர் சொன்ன கதை. கதை இனி என் கையில். வருஷத்துக்கு ஒரு பொய் அவர் தலையில் ஏற்றப்போகிறேன். வரும் டிசம்பரில் அந்தப் பிந்திய கோட்டை அவரே மாட்டிக்கொண்டு நிக்காஹ் சோற்றுக்கு உட்காருவார். பன்னிரண்டு வருஷம் என்னை வைத்துச் சிரிக்க வைத்தாரே, அதே பன்னிரண்டை நான் திருப்பாமல் சாக மாட்டேன். மறுக்க வேண்டுமானால் நேரில் வந்து மறுக்கட்டும். வேறு நாள் தோதுப்படாவிட்டால் நவம்பர் முப்பத்தொன்று இருக்கவே இருக்கிறது. நான் கோத்த நாள். அவர் ‘சரி’ போட்ட நாள்.