டேனரி உப்பில் ஒரு எரிமலை

வேலூரில் நடந்த மாணவர் அறிவியல் போட்டியில் கல்லூரிக்கு ஒரே ஒரு மாதிரிதான் அனுமதி. தலைப்பு, நிலநடுக்கமும் எரிமலையும். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் எங்கள் கல்லூரி சார்பாக நானும் என் விடுதி அறைத் தோழனும் பெயர் கொடுத்தோம். அவன் குடியாத்தத்து நெசவு வீட்டுப் பிள்ளை. பதினைந்து நாளாக நிலநடுக்கத்தைப் பதியும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். மரச்சட்டத்தில் பாவு நூலால் தொங்கும் இரும்புக் குண்டு, அதன் அடியில் ஊசி, ஊசிக்குக் கீழே விளக்குப் புகையில் கருப்பாக்கிய காகிதம். தரை ஆடினால் காகிதம் ஆடும், குண்டு அப்படியே நிற்கும், ஊசி கோடு கிழிக்கும். அவ்வளவுதான்.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"இன்னாடா இது, தூளி கட்டி வெச்சிருக்க? பாக்குறவன் தூங்கிடுவான். எரிமலை பண்ணுவோம்டா, சும்மா நெருப்பு கக்கணும்."

"நெருப்புக்கு எங்க போவ?"

வேதியியல் பேராசிரியர் வகுப்பில் செய்து காட்டியிருந்தார். ஆரஞ்சு நிற டைக்ரோமேட் உப்பைக் குவித்துப் பற்றவைத்தால் பொறி பறக்கும், பச்சைச் சாம்பல் பொங்கி வழியும். ஆய்வக ஸ்டோரில் கேட்டபோது, வருஷத்துக்கே அரைப் புட்டிதான் என்று விரட்டிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆம்பூர் டேனரிகளில் அது மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. தோல் பதனிடும் டிரம்மில் மருந்து கலப்பவர் என் சொந்த மாமா.

இரண்டு நாள் நச்சரித்தேன். தோழன் ஒப்புக்கொண்டு சட்டத்தைக் கழற்றினான், குண்டை இயற்பியல் ஆய்வகத்தில் திருப்பிக் கொடுத்தான். எரிமலை என்று எழுதிக் கொடுத்தோம்.

ஊருக்குப் போனேன். மாமா ஒரு பிஸ்கட் டின் நிறையக் கொடுத்தார், மூட்டைத் தாளைக் கிழித்து மூடி.

"எதுக்கு மாப்ளே?"

"காலேஜுக்கு மாமா."

"கையில படாம எடுத்துனு போ. புண்ணாயிடும்."

மூன்று நாள் களிமண்ணும் பாலாற்று மணலும் குழைத்து மலை கட்டினோம். போட்டிக்கு முந்தின நாள் மாலை, விடுதிக்குப் பின்னால் வைத்து, உப்பைக் கொட்டித் தீக்குச்சி வைத்தேன். ஒன்றுமில்லை. இன்னும் நாலு குச்சி. உப்பு உருகி வெல்லப்பாகு போல் கொதித்துக் கறுத்துக் கிடந்தது.

"ஈரமா இருக்கும்டா. காய வெப்போம்."

தோழன் டின்னை மூடியிருந்த தாளைப் பிரித்துக் காட்டினான். சோடியம் என்று அச்சாகியிருந்தது. பேராசிரியர் கொளுத்தியது அமோனியம். இரண்டும் அதே ஆரஞ்சு. எங்கள் ஊரில் ஒரு வகைதான் உண்டு. பேர் பார்த்து வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை. பிற்பாடு மாமா கேட்டார்: "தீக்குச்சிக்கே பத்திக்கிற சாமானா இருந்தா, நாங்க அத்தன பேரும் பீடி புடிச்சுனு அங்க வேல செய்வமா?"

"இப்ப இன்னா பண்ணுவ?" என்றான் தோழன். "நீயே மேல ஏறி வாயால கக்குவியா?"

பேராசிரியர் வீட்டுக்கு ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நிலநடுக்கத்தையே எடுத்துனு போங்க, போட்டி நடத்துறவங்ககிட்ட நான் பேசிக்கறேன். ஆனா செஞ்சவன்தான் பேசணும். நீ வாயத் தொறக்கக் கூடாது" என்றார்.

இயற்பியல் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டார்கள். குண்டுக்குப் பதிலாக மளிகைக் கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு எடைக்கல் வாங்கி வந்தேன். தோழன் சட்டத்தை மறுபடி பூட்டினான். நான் விளக்குப் புகையில் காகிதம் கருப்பாக்கினேன். மூன்று தாளை எரித்துவிட்டேன், நாலாவது தேறியது.

மறுநாள் அவன் விளக்கினான். எனக்கு ஒரே வேலை: அவன் தலையாட்டும்போது மேசைக்குப் பக்கத்தில் இரண்டு காலாலும் குதிப்பது. ஊசி அழகாகக் கோடு கிழித்தது.

"தம்பி யாரு?" என்றார் நடுவர், என்னைக் காட்டி.

"அவன்தான் சார் நிலநடுக்கம்."

இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு, பொறி பறக்கப் பச்சைச் சாம்பல் கக்கிய ஒரு எரிமலைக்கு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் பொறுத்துக்கொண்டேன்.

"பாத்தியா? நான் சொன்ன மாதிரி எரிமலைதான்டா ஜெயிச்சுது."

"ஆமா," என்றான், சட்டத்தை என் தோளுக்கு மாற்றிக்கொண்டே. "அத அவங்க மொதல்லயே கொளுத்திப் பாத்திருப்பாங்க."